ஒரே கம்பியில் இரண்டு வீடு

அக்கா வீட்டுக்குப் போகும்போது கருவிப் பையைத் தூக்கிப் போகக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். டெலிபோன் லைன்மேனான தம்பி அவளுக்குச் சம்பளமில்லாத வேலைக்காரன். அன்று மதியம் மழை வேறு. காய்ச்சலில் படுத்து எழுந்த அவள் மகள் சோபாவில் துவண்டு கிடந்தாள்.

"டேய், போன் வயர்லயே டிவி வருதாமே? பாப்பா சிரிச்சு எத்தனை நாளாச்சு. இன்னைக்கே குடுத்துட்டுப் போடா."

படமெல்லாம் எண்களாக மாறி வருகிற சமாச்சாரம் அது. சாதாரண போன் கம்பியே போதும், ஆனால் கம்பி சுத்தமாக இருக்க வேண்டும். அக்கா வீட்டுக் கம்பி ஈரத்தில் கெட்டுப்போயிருந்தது. தெருமுனைப் பெட்டியில் உருப்படியாக ஒரே ஒரு ஜோடிக் கம்பிதான் மிச்சம், அதுவும் பக்கத்து வீட்டுடையது. அங்கே தனியாக இருந்த தையல்கார அம்மா இறந்த பிறகு வீடு பூட்டியே கிடக்கிறது. கேட்க ஆளில்லை என்ற தைரியத்தில் அந்த ஜோடியை அக்கா வீட்டுக்கும் இழுத்துவிட்டேன். பழைய வீட்டுக்குப் போகும் முனையை முதலில் வெட்டிவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். மழையில் நனைந்துகொண்டு யார் வெட்டுவது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

படம் பளிச்சென்று வந்தது. கார்ட்டூன் பூனை தடுக்கி விழ, பாப்பா கலகலவென்று சிரித்தாள். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

சேனல் தானாக மாறியது.

ரிமோட் என் கையில் இருந்தது. நான் எதையும் அழுத்தவில்லை.

"பூனை வேணாமாம் மாமா," என்று பாப்பா கிசுகிசுத்தாள். "அத்தைக்குப் பாட்டுதான் பிடிக்குமாம்."

"எந்த அத்தை?"

ஜன்னல்கள் சாத்தியிருந்த அந்த அறையில் தையல் மெஷின் எண்ணெய் வாசம் அடித்தது. அக்கா வீட்டில் தையல் மெஷினே கிடையாது.

வெட்டாமல் விட்ட முனை எனக்குச் சுருக்கென்று ஞாபகம் வந்தது. மழையோடு மழையாக ஓடி, பக்கத்து வீட்டு வெளிச்சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து, சோதனைப் போனைக் கம்பியில் மாட்டினேன். டிவி ஓடுகிற கம்பியில் காதுக்குக் கேட்பது வெறும் இரைச்சல்தான். பேச்சுக்குரல் கேட்க வழியே இல்லை.

பாப்பாவின் சிரிப்பு கேட்டது.

கூடவே இன்னொரு சிரிப்பு.

கட்டரை வைத்துக் கம்பியை நறுக்கினேன். சத்தம் அடங்கியது. அப்போதுதான் எனக்குப் போன உயிர் வந்தது. இனி அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று திரும்பி ஓடிவந்தேன்.

டிவியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாப்பா என்னைக் கோபமாகப் பார்த்தாள்.

"ஏன் மாமா வெட்டினீங்க? அத்தை இங்க வந்திருக்காங்க இல்ல? இனி எப்படி அவங்க வீட்டுக்குப் போவாங்க?"

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்தே பயந்துவிட்டாள். "எழுந்து வாடி கண்ணு," என்று மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். குழந்தை அசையவில்லை. நானும் சேர்ந்து இழுத்தேன்.

அவளுடைய இன்னொரு கை, ஆளில்லாத பக்கமாக நீண்டிருந்தது. யாரோ இறுக்கிப் பிடித்த மாதிரி அதன் விரல்கள் நெரிபட்டு, வெளுத்துக்கொண்டே வந்தன.