கோடு தாண்டிய குமிழ்

இடுப்பு இற்று விழுந்துவிடும் போலிருந்தது. விடிவதற்கு முன்பே பஸ் ஏறியவள். கிடைத்தது கடைசி சீட்டு, வழியெல்லாம் பள்ளம். தலைமையாசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டும் அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழும்போது மேசையைப் பிடிக்க வேண்டியிருக்கும். விசாரிக்க வந்தவள் மேசையைப் பிடித்து எழுந்தால் பாதி மரியாதை அங்கேயே போய்விடும்.

தேர்வு வாரியத்தின் விசாரணை அதிகாரி அவள். எதையும் சலிக்காமல் விடமாட்டாள் என்று அலுவலகத்தில் அவளுக்குச் ‘சல்லடை’ என்று பெயர். இரும்புத் தகடு அடிக்கும் பட்டறைக்காரன் மகள். வீட்டில் அப்பாவோடு கத்திக் கத்திப் பேசி வளர்ந்தவள், உத்தியோகத்துக்கு வந்த பிறகுதான் மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டாள்.

மேசைமேல் பழுப்பு உறை ஒன்று கிடந்தது. மேலே அரக்கு முத்திரை அப்படியே இருந்தது. அடிப்பக்கத்தை பிளேடால் கீறி, பசை தடவி ஒட்டியிருந்தார்கள். உள்ளே பத்தாம் வகுப்பு ஆங்கிலக் கேட்டல் தேர்வின் ஒலிப்பதிவும், அதனோடு சேர்ந்த வினாத்தாளும் இருந்திருக்கின்றன.

“எப்பக் கண்டுபிடிச்சீங்க?”

“இது அவசரத்துக்குன்னு வந்த கூடுதல் உறை மேடம், தேர்வுக்குப் பிரிக்கல. முடிஞ்சு திருப்பி அனுப்ப எடுத்தப்போதான் பாத்தோம். அதுக்கு முன்னாடியே கள்ளி மாட்டிக்கிட்டா.” தலைமையாசிரியர் கையைப் பிசைந்தார். “கேட்டல் தேர்வுன்னா ஒலிப்பதிவைக் கேட்டுட்டுத்தானே எழுதணும்? ஒரு பொண்ணு, ஸ்பீக்கர் பொட்டியில சத்தம் வர்றதுக்கு முன்னயே கடகடன்னு எல்லாத்தையும் எழுதிட்டிருந்தா. கண்காணிப்பாளர் கையும் களவுமாப் புடிச்சார். இருபதுக்குப் பதினாலு சரி. நல்லாப் படிக்கிற பசங்களே பன்னண்டு தாண்டல.”

“வாசித்தல் தாள்ல?”

“முழு மார்க்கு. அதையும் எங்கேருந்து அடிச்சாளோ!”

“உறை எங்க இருந்துச்சு?”

“என் அலமாரியில. ரெண்டு சாவி. ஒண்ணு என் இடுப்புல, ஒண்ணு ஆங்கில டீச்சர்கிட்ட. அவங்கதான் தேர்வுப் பொறுப்பு. அவங்க கைப்பையிலேருந்து சுட்டிருப்பா. முந்தின சாயங்காலம் அவ அழுதுக்கிட்டே ஒலிக்கூடத்துலேருந்து ஓடினதை வாட்ச்மேன் பாத்திருக்கார். வேற என்ன வேணும்?”

சுவரோரம் நின்ற ஆங்கில டீச்சரைச் சல்லடை பார்த்தாள். நாற்பது வயது இருக்கும், தூங்காத கண்கள்.

“பைய எங்கயாவது விட்டுட்டுப் போனீங்களா?”

டீச்சர் புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். “டீ குடிக்கப் போனேன்,” என்றாள் கடைசியில். “பை மேசை மேலதான் இருந்துச்சு.”

பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையில் ஒரு பெண்ணின் கழுத்தில் கயிறு விழுந்தது.

திருட்டு உறுதியானால் மூன்று வருடம் எந்தத் தேர்வும் எழுத முடியாது. அந்தப் பெண் நர்சிங் பள்ளிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். அம்மாவுக்குக் கல் உடைக்கும் ஆலையில் வேலை. மகளுக்கும் லீவு நாளில் அங்கேதான் வேலை.

பெண் உள்ளே வந்தாள். ஒல்லி, முழங்கை வரைக்கும் வெயிலில் கறுத்திருந்தது. வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பவள் போல ஒரு கணம் தயங்கி, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

“உறையப் பிரிச்சது நீயா?”

“இல்ல மேடம்!” குரல் அறையை நிரப்பியது.

“பாத்தீங்களா மேடம், எப்படிக் கத்துறா!” என்றார் தலைமையாசிரியர்.

“அப்ப யாரு?”

அவள் கண் சல்லடையின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. சல்லடை இடுப்பைப் பிடித்தபடி அலமாரிப் பக்கம் திரும்பி, அதன் பூட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “சத்தம் வர்றதுக்கு முன்னாடி எப்படிம்மா எழுதின?”

பதில் இல்லை.

“ஏய், கேக்கறாங்கல்ல?” தலைமையாசிரியர் பெண்ணின் பின்னாலிருந்து அதட்டினார். அவள் அசையவில்லை. “திமிரு! வகுப்புலயும் இப்படித்தான். நூறு தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டா, மகாராணி!”

ஆங்கில டீச்சர் கையை நீட்டி, பெண் விரல் ஊன்றியிருந்த மேசையை விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். பெண் சட்டென்று திரும்பினாள்.

“மேடம் கேக்கறாங்க,” என்றாள் டீச்சர், ஒவ்வொரு சொல்லாக. “எப்படி எழுதின?”

“தாளப் படிச்சு எழுதினேன்,” என்றாள் பெண்.

தலைமையாசிரியர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

கேட்டல் தேர்வு நடந்த ஒலிக்கூடம் மாடியில் இருந்தது. படியேறி முடிப்பதற்குள் சல்லடைக்கு உயிர் போய் வந்தது. மைக்செட்காரர் அங்கே ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். கல்யாணம், கருமாதி, கூட்டம் எல்லாவற்றுக்கும் பெட்டி கட்டுகிறவர், பள்ளிக்கூடத்துக்கும் அவர்தான்.

“உக்காருங்கக்கா. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, இடுப்பு உங்க கட்சியில இல்ல.”

சல்லடைக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பள்ளியில் முதன்முதலாக உட்கார்ந்தாள். “தேர்வு நடந்தப்போ எதாவது கோளாறாண்ணே?”

“என் பொழப்பே நாறிப்போச்சுக்கா. முந்தின மத்தியானம் வெறும் ரூம்ல பாட்டுப் போட்டு, கடைசி பெஞ்சுல போய் நின்னு கேட்டு, சத்தத்தைப் பாதியில வெச்சிட்டுப் போனேன். இதோ பாருங்க, குமிழ்ல கோடு. நானே ஆணியால கீறி வெச்சது. காலையில ஸ்விட்சப் போட்டதும் பொட்டி அலறுச்சு பாருங்க, புள்ளைங்க எல்லாம் தூக்கி வாரிப் போட்டு எழுந்திரிச்சிடுச்சுங்க. பாத்தா குமிழு கோடு தாண்டி அந்தக் கோடியில நிக்குது.”

“எல்லாருமா எழுந்தாங்க?”

“எல்லாரும்தான். கண்காணிப்பாளரே நெஞ்சப் புடிச்சிக்கிட்டார். அந்த மொத பெஞ்சுப் பொண்ணு, இப்ப திருடிங்கறாங்களே, அது மட்டும் குனிஞ்ச தலை நிமிராம எழுதிட்டிருந்துச்சு. கல்நெஞ்சுக்காரி.”

“சாயங்காலம் யாராவது இந்தப் பொட்டிய ஓட்டியிருந்தா கீழ வாட்ச்மேனுக்குக் கேட்டிருக்குமே?”

“ஹெட்போன் செருகினா பொட்டி ஊமைக்கா. காதுல மாட்டுனவனுக்கு மட்டும்தான் கேக்கும். ஆனா இவ்ளோ வெச்சா...” அவர் குமிழைத் தொட்டுக் காட்டினார். “காது கிழிஞ்சிடும். எவனும் ஒரு நொடி தாங்க மாட்டான்.”

சல்லடை குமிழையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டு ரேடியோவின் குமிழும் எப்போதும் அந்தக் கோடியில்தான் நிற்கும். அக்கம்பக்கம் வந்து சண்டை போட்டாலும் அப்பா சொல்வார், இன்னும் கொஞ்சம் கூட்டி வையேன் கண்ணு.

அவள் அங்கேயே ஒரு புது வினாத்தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒலிப்பதிவைப் போடச் சொல்லவில்லை. வெறும் தாளைப் படித்தாள். இரண்டாவது கேள்வி: பையன் ஏன் தாமதமாக வந்தான்? கீழே நான்கு விடைகள். மூன்றாவது கேள்வி: பஸ் பழுதான பிறகு அவன் யாருக்குப் போன் செய்தான்? இரண்டாவதின் விடை மூன்றாவதிலேயே கிடந்தது. வினாத்தாள் எழுதிய மேதாவிகள் காதைச் சோதிப்பதாக நினைத்துக் கண்ணைச் சோதித்திருந்தார்கள். மற்றவற்றில் பொருந்தாத மூன்றைக் கழித்தால் மிச்சம் ஒன்று நின்றது. ஆனால் ரயில் எத்தனை மணிக்கு, டிக்கெட் விலை என்ன, எந்த நடைமேடை என்பது போன்ற ஆறு கேள்விகளுக்குத் தாளில் தடயமே இல்லை. அவற்றைக் காதால்தான் வாங்க வேண்டும்.

முடித்துவிட்டுப் பெண்ணின் விடைத்தாளைப் பக்கத்தில் வைத்தாள். அவளுக்குத் தெரியாத அதே ஆறுதான் பெண்ணுக்கும் தப்பு.

மாலை நான்கு மணி. தலைமையாசிரியரைக் கீழேயே இருக்கச் சொல்லிவிட்டு, டீச்சரையும் பெண்ணையும் மட்டும் ஒலிக்கூடத்துக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். பெண்ணுக்கு எதிரே, முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்துகொண்டு, நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

“இந்தப் பொண்ணு பதிவையும் கேக்கல, விடையையும் திருடல. திருடியிருந்தா மொதல்ல சரியா வரவேண்டியது அந்த ஆறுதான். ரயில் எத்தனை மணிக்குன்னு தெரிஞ்சும் தப்பா எழுத யாருக்கும் பைத்தியமில்ல. ஆனா உறை பிரிஞ்சது நெசம். முந்தின சாயங்காலம் இங்க யாரோ பதிவப் போட்டதும் நெசம். குமிழு சொல்லுது. களவாணி சத்தத்தைக் குறைச்சு வைப்பான். இங்க கோடியில வெச்சிருக்கு. ஏன்? ஹெட்போன் மாட்டின காதுக்குக் கேக்கல. கூட்டிக் கூட்டிப் பாத்தும் கேக்கல.”

பெண் டீச்சரை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் சல்லடையின் வாயைப் பார்த்தாள்.

“பொட்டி அலறினப்போ நிமிராத காது. நான் அந்தப் பக்கம் திரும்பினா பதில் சொல்லாத காது. தலைமையாசிரியருக்கு அது திமிரு. மைக்செட்காரருக்குக் கல்நெஞ்சு. இந்தப் பள்ளிக்கூடத்துல ஒரே ஒருத்தருக்குத்தான் அது என்னன்னு தெரியும். அவங்க இவளக் கூப்பிட மாட்டாங்க. மேசையத் தட்டுவாங்க.” சல்லடை திரும்பினாள். “ரெண்டாவது சாவியும் உங்ககிட்டத்தான் டீச்சர். உறையைப் பிரிச்சது நீங்க.”

டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“பயிற்சின்னு சொல்லித்தான் மாட்டிவிட்டேன்,” என்றாள் விரல்களுக்குள்ளிருந்து. “எட்டாவதுலேருந்து நான்தான் பாக்கறேன். வாயப் பாத்தே பாடம் படிச்ச புள்ள மேடம். கேட்டல்ல ஃபெயிலானா நர்சிங்குக்கு எடுக்க மாட்டாங்க. ஒரு தடவை முன்கூட்டியே கேட்டுட்டா புடிச்சிக்குவாளோன்னு... முழுசா வெச்சேன். ஒண்ணும் புரியலன்னுட்டா.”

“தூரத்துல கல்லு மிஷின் ஓடற மாதிரி இருந்துச்சு,” என்றாள் பெண். “அவ்ளோதான்.”

“சரி, விடையாவது சொல்லிடலாம்னு தாளை எடுத்தேன். உறையப் பாத்துட்டா. வேணாம் டீச்சர்னு அழுதுட்டு ஓடிட்டா.”

“அப்புறம் இவளத் திருடின்னாங்க. நீங்க பை மேசை மேல இருந்துச்சுன்னீங்க.”

டீச்சர் முகத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

“நீ ஏம்மா சொல்லல?”

“டீச்சர் எனக்காகத்தானே செஞ்சாங்க.” பெண் அருகில் வந்தாள். குரலைத் தாழ்த்தத் தெரியாமல் உரக்கவே கெஞ்சினாள். “மேடம், காது சமாச்சாரத்தை எழுதிடாதீங்க. திருடின்னே எழுதிக்கோங்க. திருட்டுப் பேரு மூணு வருஷத்துல போயிடும். செவிடுங்கறது போகாது.”

சல்லடை எவ்வளவோ திருடர்களை விசாரித்திருக்கிறாள். திருடி என்று எழுதச் சொல்லி யாரும் அவளிடம் கெஞ்சியதில்லை.

பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து டீச்சர் முன்னால் வைத்தாள்.

“ஒரு வழி இருக்கு. ‘உறையை நான்தான் பிரித்தேன், மாணவிக்குச் சம்பந்தமில்லை.’ அவ்வளவு போதும். யாருக்காக, எதுக்காகன்னு எழுத வேண்டாம். கையெழுத்துப் போடுங்க. காது பேச்சே வெளிய வராது. இது இல்லன்னா நான் எல்லாத்தையும் வெளக்கி எழுதணும். வெளக்கினா காதும் வந்துடும்.”

டீச்சர் பேனாவை எடுத்தாள். எழுதவில்லை. “என் வேலை போயிடும் மேடம். வீட்டுக்காரர் படுத்த படுக்கை. ரெண்டு புள்ளைங்க.”

“தெரியுது.”

“காலையில தர்றேன். சத்தியமாத் தர்றேன்.”

பெண் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்து, நம்பினாள்.

காலையில் டீச்சர் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று விடுப்புச் சொல்லியனுப்பியிருந்தாள். சல்லடை பகல் முழுக்கக் காத்திருந்தாள். வீட்டுக்கே போய்க் கதவையும் தட்டினாள். உள்ளே ஆள் நடமாட்டம் கேட்டது. கதவு திறக்கவில்லை.

அறிக்கை அன்றே போக வேண்டும். கையெழுத்து இல்லாமல், காதும் இல்லாமல், அந்த அறிக்கை நிற்காது. தலைமையாசிரியர் ஒரே கேள்வியில் கவிழ்த்துவிடுவார். திருடாத பெண்ணைத் திருடி என்று எழுதவும் அவளுக்குக் கை வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினாள். எழுதி முடித்தபோது இடுப்பு வலியே தெரியவில்லை. வேறு எங்கோ வலித்தது.

திருட்டுப் பழி நீங்கியது. டீச்சர் தன் கைப்பட எதுவும் ஒப்புக்கொள்ளாததால் அவள்மேல் இருந்த விசாரணை இழுத்துக்கொண்டே போனது. அவளை வேறு பள்ளிக்கு மாற்றியதோடு சரி. பெண்ணின் சான்றிதழில் கேட்டல் பகுதிக்கு எதிரே ‘செவித்திறன் இல்லை’ என்று அச்சாகி வந்தது. நர்சிங் பள்ளி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது.

சான்றிதழைத் தபாலில் அனுப்ப மனம் வராமல் சல்லடையே எடுத்துக்கொண்டு போனாள். கல் ஆலையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தலைமுதல் கால்வரை வெள்ளைத் தூசியோடு பெண் ஜல்லி அள்ளிக்கொண்டிருந்தாள். கூப்பிடாமல் எதிரே போய் நின்றாள் சல்லடை.

“இதுவா மேடம்?” கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கி, வாசித்தல் மதிப்பெண்ணை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். அடுத்த வரியைத் தொடவில்லை.

அம்மாக்காரி கூடையை இறக்கிவிட்டு வந்து கத்தினாள். “இதுல என்னம்மா இருக்கு! எங்க எடத்துல எல்லாருக்கும் காது இப்படித்தான். இதப் போயி ஒரு குத்தம்னு எழுதுவாங்களா?”

சல்லடை தலையைக் குனிந்துகொண்டாள்.

“டீச்சர் நல்லா இருக்காங்களா மேடம்?” என்று கேட்டாள் பெண். “அந்தத் தாள்ல எழுதிக் குடுத்துட்டாங்களா?”

மிஷின் சத்தத்தில் பேச முடியாது, பேசவும் தேவையில்லை. இல்லை என்று சல்லடை உதட்டை மட்டும் அசைத்தாள். பெண் அதைப் படித்துக்கொண்டாள். சான்றிதழை மடித்து இடுப்பில் செருகிவிட்டு மறுபடியும் மண்வெட்டியை எடுத்தாள்.

‘உறையை நான்தான் பிரித்தேன், மாணவிக்குச் சம்பந்தமில்லை.’ அதன் கீழே ஒரு கையெழுத்து. அந்தப் பெண்ணுக்கு டீச்சர் பட்ட கடன் அவ்வளவுதான். இன்றுவரை தீரவில்லை.