அக்காவுக்கும் வணக்கம்

லாரி ஓட்டுநர் இரண்டு தடவை கும்பிட்டார். முதல் கும்பிடு அவளுக்கு. கணக்குத் திறந்தாயிற்று, அட்டை வீடு தேடி வந்துவிடும் என்று அவள் சொன்னதும் திரைக்குள் அந்தக் காய்ப்பேறிய கைகள் குவிந்தன. பிறகு அவர் பார்வையைச் சற்று உயர்த்தி, அவளுடைய இடது தோளுக்கு அப்பால் எதையோ பார்த்து, மறுபடியும் கைகுவித்தார்.

"அக்காவுக்கும் வணக்கம்," என்றார். திரை அணைந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். வெள்ளைச் சுவர், துணி அலமாரி, பாதி சாத்திய படுக்கையறைக் கதவு. மூன்று வருடமாக அந்த வீட்டில் அவளைத் தவிர ஈ, காக்கை கிடையாது. யாரைக் கண்டாலும் கும்பிடுகிற மனிதர் போலும், சுவரையும் விட்டுவைக்கவில்லை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே அடுத்த அழைப்பை எடுத்தாள்.

முன்பு அவள் வங்கிக் கிளை ஒன்றில் புதுக் கணக்கு மேசையில் இருந்தாள். படிவம் நிரப்ப வருகிறவர்கள் படிவத்தை மட்டுமா கொண்டுவந்தார்கள்? மகளின் மதிப்பெண், மாமியாரின் மூட்டுவலி, வீட்டுக்காரர் வேலையை விட்ட கதை எல்லாம் அந்த மேசையில்தான் கொட்டுவார்கள். போனிலேயே எல்லாம் முடிகிற காலம் வந்ததும் கிளைக்கு ஷட்டர் விழுந்தது. கூட வேலை பார்த்தவர்கள் திசைக்கொருவராகப் போனார்கள். அவர்கள் சேர்ந்து ஆரம்பித்த வாட்ஸ்அப் குழுவில் முதல் மாதம் தினமும் காலை வணக்கமும் பூப்படங்களும் வந்தன. பிறகு கிணறு வற்றுவது போல அதுவும் வற்றியது.

இப்போது அதே வங்கிக்கு வீட்டிலிருந்தே வேலை: கணக்குத் திறக்க வருகிறவர்களை வீடியோ அழைப்பில் சரிபார்ப்பது. ஒரு நாளைக்கு அறுபது முகங்கள், முகத்துக்கு ஏழு நிமிடம். எதிரில் இருப்பது படமல்ல, உயிருள்ள ஆள்தான் என்று உறுதி செய்வதற்காக இடது பக்கம் திரும்பச் சொல்வாள், கண்ணை மூடித் திறக்கச் சொல்வாள். மளிகை கொண்டுவருகிறவன்கூட மணியடித்துவிட்டு அவள் கதவைத் திறப்பதற்குள் படியிறங்கிவிடுவான். அம்மாவின் கடைசிக் காரியத்தை அண்ணன் பிடித்துக் காட்டிய போனில்தான் பார்த்தாள். படம் நடுவில் இரண்டு முறை உறைந்து நின்றது.

மதியம் மேலதிகாரியிடமிருந்து செய்தி வந்தது. அவரை அவள் நேரில் பார்த்ததில்லை. அவர் ஒரு பெயரும் வட்டத்துக்குள் ஒரு படமும், அவ்வளவுதான். அவளுடைய மூன்று அழைப்புகள் தணிக்கையில் தள்ளுபடியாகிவிட்டனவாம். காரணம்: அலுவலரின் அறையில் வேறு நபர். வேலை நேரத்தில் வீட்டாரை உள்ளே விடக் கூடாது என்று எழுதியிருந்தார். இன்னொரு முறை நடந்தால் வேலை போய்விடும் என்பதையும் மரியாதையாகவே எழுதியிருந்தார். வீட்டார் என்று எனக்கு யாரும் இல்லை என்று பதில் எழுதினாள். அவர் படித்ததற்கான அடையாளம் விழுந்தது. பதில் வரவில்லை.

சாயங்காலம் வெளியே மழை பிடித்துக்கொண்டது. நனைந்த சிமெண்டின் வாசனை ஜன்னல் வழியே வந்தது. அதனோடு இன்னொன்றும் கலந்திருந்தது: குளித்துவிட்டுச் சரியாகத் துவட்டாத தலைமுடியின் ஈரவாடை, மிக அருகில், யாரோ குனிந்து அவள் தோள் வழியாகத் திரையைப் படிப்பது போல. அவள் காலையில் தலைக்குக் குளிக்கவில்லை.

அடுத்த முகம் கைக்குழந்தைக்காரி. மடியிலிருந்த குழந்தை திரையில் தெரிந்த அவளைப் பார்க்கவேயில்லை. அதன் கண்கள் அவளுடைய தலைக்கு மேலே போய், அங்கே எதையோ பார்த்துப் பொக்கை வாயால் சிரித்து, பிறகு மெல்ல மெல்ல வலமிருந்து இடமாக நகர்ந்தன, அறைக்குள் ஒருவர் நடந்து போவதைப் பார்ப்பது போல. நகர்ந்த பார்வை கீழே இறங்கி, அவளுடைய காதோரம் வந்து நின்றது. குழந்தையின் சிரிப்பும் நின்றது. தாயின் ரவிக்கையைப் பற்றிக்கொண்டு முகத்தைப் புதைத்தது.

திரையின் மூலையில் அவளுடைய படம் தெரியும் சிறு கட்டத்தைப் பார்த்தாள். அவளும் சுவரும்தான்.

அடுத்தவர் ஒரு தச்சர். காதில் பென்சில் செருகியிருந்தது. வழக்கமான கேள்விகளை அவள் கேட்கவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. எனக்குப் பின்னாடி யாராவது இருக்காங்களா?"

அவர் திரையருகே குனிந்து பார்த்தார். "என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? உங்க தோள்ல கை வெச்சுட்டு நிக்கறாங்களே."

அவளுடைய இடது தோள் ஆறு மாதமாக வலித்துக்கொண்டிருந்தது. உட்காருகிற விதம் சரியில்லை என்று இணையத்தில் பேசிய மருத்துவர் சொல்லியிருந்தார்.

"எப்படி இருக்காங்க?"

"உங்க ஜாடைதான். உங்களுக்கு மூத்தவங்க மாதிரி..." தச்சர் நிறுத்தினார். குரல் இறங்கியது. "அம்மா, அவங்க என்னைப் பேச வேண்டாங்கறாங்க." இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

மின்விசிறி சுற்றியது. மழை பெய்தது. அவள் திரும்பவில்லை. காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி மேசை மேல் சத்தமில்லாமல் வைத்தாள். எழுந்தாள். வாசல் கதவை மட்டுமே பார்த்தபடி நடந்தாள். எட்டு அடி. தோள் லேசாக இருந்தது. ஆறு மாதத்தில் முதல் முறையாக, லேசாக. பின்னால் நாற்காலி முனகியது. யாரோ அமரும்போது முனகுவது போல.

வெறுங்காலோடு வெளியே வந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். மூன்று வருடத்தில் அந்தக் கதவை அவள் தட்டுவது இதுதான் முதல் தடவை. உள்ளே யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது.

ஐம்பது வயதுப் பெண் திறந்தாள். முகம் மலர்ந்தது.

"வாங்க, வாங்க. இன்னிக்கு ஏன் இவ்ளோ நேரம்? டீ ஆறிப்போச்சு பாருங்க."

உள்ளே மேசை மேல் இரண்டு கோப்பைகள். எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். அவள் வாசற்படியைத் தாண்டவில்லை. நான் உங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லையே என்று எப்படியோ சொல்லிவிட்டாள்.

எதிர்வீட்டுப் பெண் சிரித்தாள். தினமும் சாயங்காலம் வருகிறீர்கள், நேற்றுகூட இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தீர்கள், அம்மாவின் காரியத்தைப் போனில் பார்த்ததைச் சொல்லி அழுதீர்கள், நான்தான் முகத்தைத் துடைத்துவிட்டேன் என்றாள். அந்த அழுகையை அவள் யாரிடமும் அழுததில்லை. ஒரு கணம், பயத்தையும் மீறி, பொறாமையாக இருந்தது.

பேசிக்கொண்டிருந்த பெண்ணின் பார்வை அவளுடைய தோளுக்கு அப்பால் போயிற்று. திறந்து கிடந்த அவளுடைய வீட்டு வாசலுக்கு. சிரிப்பு அப்படியே இருந்தது. நிறம் மட்டும் வடிந்தது.

"உங்கள்ல யாரு," என்றாள் மெதுவாக, "தினமும் வர்றது?"

கதவு மூடிக்கொண்டது. தாழ்ப்பாள். அதன் மேல் சங்கிலி.

நடையில் விளக்கு எரியவில்லை. ஈர முடியின் வாடை. எதிர்வீட்டுக் கதவின் பார்வைத் துளை இருண்டது. உள்ளிருந்து பார்க்கிறாள். திறக்க மாட்டாள். மாடியில் யாரோ குழாயைத் திறந்தார்கள், மூடினார்கள். கூப்பிடலாம். என்ன சொல்லிக் கூப்பிடுவது? யாரை?

அவள் திரும்பினாள்.

அவளுடைய வீட்டு வாசலில், ஒரு கையால் கதவைப் பிடித்தபடி, அவளைவிடக் கொஞ்சம் மூத்த அவள் நின்றாள். கூந்தலிலிருந்து சொட்டிய நீர் தரையில் சிறு குட்டையாகத் தேங்கியிருந்தது. முகத்தில் கோபம் இல்லை. வெகுநேரம் காத்திருந்தவளின் பரிவு இருந்தது. ஓரமாக ஒதுங்கி வழிவிட்டு, மறு கையை நீட்டினாள்.

"உள்ள வா," என்றாள். "எவ்ளோ நேரம்தான் தனியா நிப்ப?"

நீட்டிய கை அப்படியே நின்றது. வீட்டுக்குள்ளிருந்து விழுந்த வெளிச்சத்தில் அதன் நிழல் மட்டும் நடையின் தரை மேல் நீண்டு, நீண்டு, அவளுடைய வெறுங்கால் விரல்களைத் தொட்டது.