தேன் தொட்ட விரல்

வாயில் எதுவும் இல்லாத குழந்தை எதையோ சப்பிக்கொண்டிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்ற சக்ரவர்த்திக்கு, மருந்து ஏற்றும் மெஷினின் முனகலுக்கும் ஸ்பிரிட் நெடிக்கும் நடுவே அந்தச் சத்தம் மட்டும் காதுமடலை உரசுவதுபோல் ஈரமாகக் கேட்டது.

குடல் சரியாக உருவாகாமல் பிறந்த பேரன். ஆபரேஷன் முடிந்திருந்தது. பால் கூடாது, தண்ணீர்கூடக் கூடாது. வெளிச்சம் படாமல் உறையிட்டு மூடிய பையிலிருந்து, தலைமுடி போன்ற குழாய் வழியாகச் சத்து நீர் நேராக ரத்தத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

நேற்று மருமகள் ஸுஷ்மா கெஞ்சினாள். "வேண்டாம் மாமா. வாயில ஒண்ணும் படப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரே."

"மூத்தவா கையால தேன் படாத நாக்கு நம்மாத்துல உண்டாடீ? நாளைக்கு சின்ன காஞ்சிபுரத்துல நான் தலைநிமிர்ந்து நடக்க வேண்டாமா?"

நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும், பெட்டியின் வட்டத் துவாரத்துக்குள் கையை விட்டு, தேன் தடவிய மோதிர விரலை வைத்தார். குழந்தை சப்பியது. அத்தனை சின்ன உடம்புக்கு அந்த இழுப்பு அதிகம்.

இன்று வயிறு உப்பி நீலம் பாரித்துக் கிடந்தது.

"வாய்ல யாராச்சும் ஏதாச்சும் வெச்சீங்களா?" நர்ஸ் பிரவீனா பதறினாள். "மறைக்காதீங்க தாத்தா. சொன்னாத்தான் டாக்டர் அதுக்கேத்த மாதிரி பார்ப்பாரு."

ஸுஷ்மா அவரையே பார்த்தாள்.

"யாரைப் பார்த்துக் கேக்கறே? எங்காத்துல அந்த மாதிரிப் பழக்கமெல்லாம் கிடையாது." முதுகு வளையாமல் சொன்னார்.

ஸுஷ்மா தலை குனிந்துகொண்டாள். சப்பும் சத்தம் நின்றது.

பொழுது சாய்வதற்குள் பெட்டி காலியாகிவிட்டது. மகன் ராம்ப்ரஸாத் துணியில் சுற்றிய பொட்டலத்தைப் பாலாற்றங்கரையில் புதைத்துவிட்டு வந்தான்.

சக்ரவர்த்தி தலை முழுகினார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். தேன் மணம் போகவில்லை. புளி போட்டுத் தேய்த்தார். போகவில்லை.

கூடத்தில் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தார்.

அந்தச் சத்தம்.

தெருவில் இல்லை. ஸுஷ்மா படுத்திருந்த உள்ளறையிலும் இல்லை. கிட்டத்தில். மிகக் கிட்டத்தில்.

அவருடைய தாத்தா போட்டு, அப்பா போட்டு, அவர் விரலில் ஐம்பது வருஷமாகக் கழற்ற வராத மோதிரம், தானாகக் கழன்று தரையில் உருண்டது.

கையை விளக்கருகே கொண்டுபோனார். விரல் குச்சியாய் மெலிந்து வெளுத்திருந்தது. நகத்தைச் சுற்றி எச்சில். பல்லில்லாத ஈறு அழுந்தியது.

இழுத்தது.

விட்டது.

மறுபடி இழுத்தது. இன்னும் பசியோடு.