பதினேழாம் எண்ணின் நாலாவது தூக்கம்

காலை ஒன்பதரைக்கு ஸ்கூட்டியை நிறுத்தும்போதே லினெட் வாசலில் நின்று சிரித்தாள். என்னோடு தூக்க ஆராய்ச்சி மையத்தில் டெக்னீஷியனாக இருப்பவள்.

"தூங்கறதுக்குச் சம்பளம் வாங்கற ஒரே ஆளு பாண்டிச்சேரியிலயே நீதான்டி, பூவிழி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளைக்காரன் கட்டிய வீடு அது. சுவர் முழங்கை அளவு தடிமன். உள்ளே போய்விட்டால் தெருவின் ஹாரன் சத்தம்கூடக் கேட்காது. அதனால்தான் டாக்டர் சிவசங்கரி தன் மையத்தை அங்கே வைத்திருந்தாள். வேலையில் சேர்ந்த அன்று, சரிபார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லி என் எம்.எஸ்சி. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கினாள். எட்டு மாதமாக அது அவள் பீரோவில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் பத்தாவதைத் தாண்டியதில்லை. அந்தக் காகிதத்தைப் பிடித்துவைத்தால் என்னையே கட்டிப்போட்ட மாதிரி என்று அவளுக்குத் தெரியும்.

சென்னையில் வேறு வேலை கிடைத்திருந்தது. நாளை பத்து மணிக்கு ஒரிஜினலோடு போய் நிற்க வேண்டும். நேற்று டாக்டரிடம் கேட்டேன்.

"பதினேழாம் நம்பருக்கு நாலாவது தூக்கம் பாக்கி. ரெக்கார்டு முழுசாகணும். அதுல நீ படுத்து எழுந்திரு. சர்டிஃபிகேட்டை எடுத்துட்டுப் போ," என்றாள்.

"செத்துப்போனவங்க நம்பர் மேடம் அது."

"வீட்ல செத்தாங்க. இங்க இல்ல. உனக்கு சர்டிஃபிகேட் வேணுமா, வேணாமா?"

பதினேழாம் எண் என்றால் சுமலதா. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுப்பவர். மாதக்கணக்கில் தூக்கம் வரவில்லை என்று வந்தவர்.

மூளையின் அடியில் சின்னதாக ஒரு இடத்தில் ஒரெக்சின் என்றொரு பெப்டைடு சுரக்கிறது. அதுதான் விழிப்புக்குத் தாழ்ப்பாள். அது கழன்றால் விழிப்பும் கனவும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்துவிடும். மனம் விழித்திருக்கும், உடம்பு கட்டுண்டு கிடக்கும். பயத்தைக் கிளப்ப இன்னொரு பெப்டைடு இருக்கிறது. டாக்டரின் மூக்கு மருந்து முதலாவதைத் தளர்த்தி, இரண்டாவதை அடக்க வேண்டும். பயமில்லாத தூக்கம் என்பது அவள் கணக்கு. சுமலதாவுக்கு முதலாவது மட்டும்தான் தளர்ந்தது.

பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, மொத்தம் நாலு தடவை, இருட்டறையில் இருபது நிமிடம் தூங்கவைப்போம். படுத்ததும் மைக்கில், "கண்ணை மட்டும் அசைங்க. இடது, வலது. இடது, வலது" என்போம். அந்த அசைவு திரையில் கோடாக விழுகிறதா என்று பார்க்கத்தான்.

மூன்றாவது தூக்கத்தின் நடுவில் சுமலதாவின் இதயத்துடிப்பு நூற்றைம்பதைத் தொட்டது. கண் கோடு ஆடியது. இடது, வலது. இடது, வலது. நான் எழுந்தேன்.

"இருபது நிமிஷம் முடியட்டும். கெடுக்காதே," என்றாள் டாக்டர்.

உட்கார்ந்துவிட்டேன். 'கனவு' என்று குறித்தேன்.

விளக்கு போட்டதும் சுமலதா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு மட்டுந்தான் அசைஞ்சுது பாப்பா. நீ சொல்லிக் குடுத்த மாதிரியே ஆட்டி ஆட்டிக் கூப்புட்டனே. நீ பாக்கலயா?"

"அது கனவுக்கா," என்றேன். பொய்.

நாலாவது தூக்கத்துக்கு நிற்காமல் போனவர், அன்றிரவு வீட்டில் உறக்கத்திலேயே இறந்துபோனார்.

இப்போது அதே கட்டிலில் நான். மருந்தை மூக்கில் அடித்து, தலையில் வயர்களை ஒட்டிவிட்டு லினெட் வெளியே போனாள். ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது.

"பதினேழுன்னு போட்டா அந்தம்மாவோட பழைய ஃபைலே வந்து நிக்குதுடி. தொடரவான்னு கேட்டுது. தொடருன்னு குடுத்துட்டேன்."

"புதுசு தெறக்க வேண்டியதுதானே, லூசு!"

விளக்கு அணைந்தது.

ஜன்னல்களில் கறுப்புப் பலகை அடித்திருந்தார்கள். வெளியே மதிய வெயில் எரிகிறது என்று நம்ப முடியாத இருட்டு. எங்கோ ஏ.சி. தண்ணீர் சொட்டியது. தலையில் ஒட்டிய பசையின் நெடி. கொஞ்ச நேரத்தில் அதன்மேல் இன்னொரு நெடி படிந்தது. ஐஸ்கட்டி. மீன்.

கையைத் தூக்கப் பார்த்தேன். வரவில்லை.

விரல். இல்லை. நாக்கு. இல்லை.

ஒரெக்சின்தான், பூவிழி. தாழ்ப்பாள் கழன்றிருக்கிறது. படித்ததுதானே.

மெத்தையின் இடது ஓரம் அழுந்தியது.

அதுவும் பாடத்தில் உண்டு.

காதோரம் ஈரமான மூச்சு.

அதுவும் உண்டு.

"நீ பாக்கலயா, பாப்பா?"

அது பாடத்தில் இல்லை.

கண்களை ஆட்டினேன். இடது, வலது. இடது, வலது. லினெட், பாருடி. இடது, வலது. மார்பின்மேல் கனம் ஏறிக்கொண்டே வந்தது. ஸ்பீக்கர் கரகரத்தது. யாரோ மைக்கை அணைக்க மறந்திருந்தார்கள்.

"இருபது நிமிஷம் முடியட்டும்."

டாக்டரின் குரல்.

அதன்பின் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. விளக்கு எரிந்தபோது லினெட் அழுதுகொண்டே வயர்களைப் பிய்த்தாள். "நான் வந்திருப்பேன்டி. கையப் புடிச்சு உக்கார வெச்சுட்டாங்க."

"நல்லா வந்திருக்கு," என்று டாக்டர் கவரை மேஜைமேல் போட்டுவிட்டுச் சாப்பிடக் கிளம்பினாள். கவருக்குள் என் பெயர், என் பட்டம். பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

கம்ப்யூட்டரை அணைக்கப் போன லினெட், "மாதாவே" என்றாள்.

வயர்கள் ஆணியில் தொங்கின. கட்டில் காலி. பதினேழாம் ஃபைல் ஓடிக்கொண்டிருந்தது. இதயத்துடிப்பு நூற்றைம்பது. கண் கோடு ஆடியது.

இடது, வலது.

"வாடி, போயிடலாம்!" லினெட்டின் செருப்புச் சத்தம் படிகளில் இறங்கி மறைந்தது.

நான் திரையின் முன் குனிந்தேன். மைக்கை அழுத்தினேன்.

"அக்கா. நான் பாக்கறேன். இங்கதான் இருக்கேன்."

நூற்றைம்பது நூற்றுப்பத்தானது. எண்பது. அறுபது. கண் கோடு படுத்தது. மூளைக் கோட்டில் பெரிய, மெதுவான அலைகள் எழுந்தன. ஆழ்ந்த தூக்கம். ஸ்பீக்கரில், பல மாதம் தூங்காத ஒருத்தியின் மெல்லிய குறட்டை.

பையைத் தோளில் மாட்டினேன்.

குறட்டை நின்றது.

இறக்கினேன். வந்தது.

மறுபடி மாட்டி, கதவுப் பக்கம் ஒரே ஒரு அடி வைத்தேன்.

ஸ்பீக்கரில் மூச்சே நின்றது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.