கழற்றாமல் விட்ட பலகை

வெர்னாலுக்குள் நுழையும் இடத்தில் பெயர்ப்பலகை இல்லை. அது எலோடிக்குத் தெரிந்ததுதான். மூன்று ஊர்களையும் ஒரே பெயரில் ஒரே ஊராட்சியாக்கும் தீர்மானத்துக்கு, ஊராட்சி உறுப்பினராக, இழுபறியில் கடைசியாகக் கை தூக்கியவளே அவள்தான். அன்றிலிருந்து வெர்னாலில் ஒருவரும் அவளுக்கு வணக்கம் சொல்வதில்லை.

இன்று சாயங்காலம்தான் ஊராட்சி ஊழியர் ஜில்பேர் வந்து சொன்னார்.

"உள்ள வர்ற பக்கம் பலகை எல்லாம் கழட்டியாச்சு மேடம். வெளிய போற பக்கம், பேருக்கு மேல சிவப்புக் கோடு போட்ட பலகைதான் துருப்பிடிச்சு அசையவே மாட்டேங்குது. உங்க ஊருக்கு உங்க மேல அவ்ளோ கோபம்!"

"திங்கக்கிழமை பாத்துக்கலாம் விடுங்க" என்று சிரித்தாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. நவம்பர் மூடுபனியில், பக்கத்து இருக்கையில் சூடு ஆறாத ரொட்டி மணக்க, தேவாலயத்தின் ஈரச் சுவரும், விறகுப் புகையின் வாடையும், பழைய சலவைத் தொட்டியில் நீர் விழும் சத்தமும் வழக்கம்போலத்தான் வந்தன. அவள் வீடு வரவேண்டிய வளைவில் மட்டும் ஒரு பலகை வந்தது. வெர்னால். பெயரின் குறுக்கே சிவப்புக் கோடு. ஊர் முடிந்துவிட்டது.

வண்டியைத் திருப்பினாள். தேவாலயம். தொட்டி. பலகை.

மறுபடி திருப்பினாள். இந்த முறை பலகை தொட்டிக்கு முன்பே நின்றது.

கைபேசி அடித்தது. கணவன் யான்.

"ஏய், என்ன விளையாட்டு இது? வாசல்ல நிக்காம போற, வர்ற. லூ ஜன்னலை விட்டு நகர மாட்டேங்கிறா, அம்மா அம்மான்னு."

உள்ளே போகத்தான் வழியில்லை. அவர்கள் வெளியே வரலாமே! அந்த யோசனை வந்ததும் அவளுக்கு உயிரே திரும்பியது.

"யான், புள்ளையத் தூக்கிட்டு நீ வெளிய வந்துரு. பலகைகிட்ட நிக்கிறேன். கேக்காத, வா!"

இறங்கி நின்றாள். தொட்டி நீரின் சத்தம் நின்றுபோனது. காலடிகள். இரண்டு கால்கள் அல்ல. நிறைய.

பனியிலிருந்து யான் வந்தான், தோளில் குழந்தை. பின்னால் ஊரே வந்தது. வரிசையாக. அவசரமில்லாமல். பலகையைத் தாண்டினார்கள்.

"லூ?"

குழந்தை நிமிர்ந்தது. நெற்றியிலிருந்து தாடை வரை, குறுக்கே, சிவப்புக் கோடு. யான் முகத்திலும். எல்லோர் முகத்திலும்.

கோட்டின் இரு பக்கமும் உதடுகள் அசைந்தன.

"வணக்கம், எலோடி."