இன்னும் அஞ்சே நிமிஷம்

இறங்கி வந்தவரின் காலணியில் சேறே இல்லை.

மதியம் முழுக்க மழை கொட்டியிருந்தது. ஏறிக்கொண்டிருந்த நாரேவுக்கு முழங்கால்வரை சேறு. அவரோ, மரப்படி போட்ட இந்த மலைக்கு இமயம் ஏறும் மேற்சட்டையும் இரண்டு ஊன்றுகோலுமாக, ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று மூடுபனிக்குள்ளிருந்து வந்தார். கொரியாவின் இந்தக் காங்வோன் மலைக்காட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான். காட்டைப் பார்க்க வருவதில்லை, காட்டுக்குத் தங்களைக் காட்ட வருகிறார்கள்.

"இதோ வந்துடுச்சும்மா! இன்னும் அஞ்சே நிமிஷம்!"

ஏறுகிறவர்களிடம் இறங்குகிறவர்கள் சொல்லும் பொய். உச்சியிலுள்ள காட்சி மேடைக்கு ஒரு மணி நேரம் பாக்கி இருந்தாலும் இதையேதான் சொல்வார்கள். அதற்குப் பெயர் ஊக்கமாம். வன ஊழியர் சீருடையில் இருப்பவளிடமேவா?

"ஐயா, கீழ நிக்கிற வெள்ளைக் கார் உங்களுதா?"

அவர் சிரித்தபடி மேலே கைகாட்டிவிட்டுப் போனார்.

அந்த ஒரு கார்தான் பாக்கி. அதன் சொந்தக்காரனை இருட்டுவதற்குள் இறக்கியாக வேண்டும். "ஆள் இல்லாம கீழ வந்தே, உன் ஒப்பந்தம் அவ்ளோதான்," என்று அடிவாரத்தில் நின்ற தலைவர் பாங் வாக்கி-டாக்கியில் குரைத்திருந்தார். முட்டைக்கோஸ் வயலில் அப்பா இடுப்பொடியப் படிக்க வைத்த வீட்டின் முதல் பட்டதாரிக்குக் கிடைத்த வேலை: குடித்துவிட்டுக் காட்சி பார்ப்பவர்களை மேய்ப்பது.

வெகுநேரம் ஏறியபின் மூன்று பெண்கள் எதிரே வந்தார்கள். ஒரே மாதிரி ஊதாத் தொப்பி. ஒருத்தி வெள்ளரிக்காய் நீட்டினாள்.

"சாப்பிடு கண்ணு, வாடிப்போய் வர்றியே. இன்னும் அஞ்சே நிமிஷம்!"

"அரை மணி ஆகும். எனக்குத் தெரியாதா?"

"அடியம்மா, வாயைப் பாரு இவளுக்கு!"

பெரியவர்கள் நீட்டினால் இரண்டு கையாலும் வாங்க வேண்டும். அத்தனை வெறுப்பிலும் உடம்பு அதை மறக்கவில்லை. பிடித்திருந்த படியோரக் கைப்பிடிக் கயிற்றை விட்டுவிட்டு, குனிந்து வாங்கிக் கடித்தாள். அதில் நீரே இல்லை. நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையின் வாசம்.

துப்பினாள். வாக்கி-டாக்கியை அழுத்தினாள். "சார், ஆரஞ்சுச் சட்டைக்காரர் வந்துட்டாரா?"

"எவன் வந்தான்? ஒரு ஈ காக்கா வரல. இருக்கிறது ஒரே பாதை, அதுல நான்தான் நிக்கிறேன்."

திரும்பிப் பார்த்தாள். படிகளில் பெண்கள் இல்லை. பனி மட்டும். இறங்கிவிடலாம். ஆனால் ஒப்பந்தம். ஏறினாள்.

அடுத்த வளைவு. காட்சி மேடை.

இருக்கக் கூடாது. இவ்வளவு அருகில் இருக்கவே கூடாது.

பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆரஞ்சுச் சட்டை. ஊதாத் தொப்பிகள். அவளைத் தாண்டி இறங்கியவர்கள். பேச்சில்லை. மெல்லும் சத்தம் மட்டும்.

நடுவே ஓர் இளைஞன். மடியில் கார் சாவி. வாய் நிறைய வெள்ளரிக்காய். ஒரு கை ஊட்டியது. இன்னொரு கை. இன்னொன்று. அவனால் விழுங்க முடியவில்லை. கண்கள் மட்டும் அவளைக் கெஞ்சின.

"எழுந்து வாங்க."

"ஷூவோடவா பாய்ல ஏறுவ, கண்ணு?"

அவன் கையைப் பற்றினாள். சூடு. உயிர் இருக்கிறது. இழுத்தாள். அவள் கால் நகரவில்லை.

குனிந்தாள்.

மேடைப் பலகைகளின் இடுக்குகளில் விரல்கள். நிறைய விரல்கள். அவள் காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தன.

மெதுவாக. மரியாதையாக.