கரை பதிந்த கால்

அன்புச்செல்வனின் காலில் யாரும் எதையும் கட்டவில்லை. ஆனாலும் முழங்காலுக்குக் கீழே, இறுக்கிக் கட்டி அவிழ்த்ததுபோல ஒரு பள்ளம் சுற்றி ஓடியது.

வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் கோடு போட வந்த நர்ஸ் ஜெஸி அதைப் பார்த்தாள்.

"இன்னா சார், துணி வச்சி இறுக்கினீங்களா? அப்படிக் கட்டக் கூடாது. விஷம் அங்கயே தேங்கிச் சதையத் தின்னுடும்."

"ஒண்ணும் கட்டலம்மா."

"பாம்பு கடிச்சதும் நேரா இங்கதான் இட்டாந்தோம்," என்றாள் மனைவி விஜயலட்சுமி.

ஜெஸி நம்பவில்லை. பள்ளத்துக்கு மேலே கோடு போட்டுவிட்டுப் போனாள்.

போன தை மாதம், மலையடிவாரத்து மரவள்ளிக் கொல்லையில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த அமிர்தத்தை விரியன் கடித்தபோது, அவள் சேலைக் கரையையே சர்ரென்று நீளமாகக் கிழித்து, முழங்காலுக்குக் கீழே இறுக்கி முடிச்சுப் போட்டவர் அன்புச்செல்வன்தான். சிவப்புக் கரை. அதில் வரிசையாகச் சின்னக் கோபுரங்கள். அவருடைய கார் வரப்போரம் நின்றது. கார் சீட்டு அழுக்காகும் என்று அவளைக் கிழங்கு லாரியில் போகச் சொன்னார்.

"கட்ட அவுத்து வுடுங்க மொதலாளி. காலு வெடிக்குது."

"லோடு ஏறட்டும். அதுக்குள்ள இன்னா, செத்தா பூடுவ?"

லாரி கிளம்பும்போது முடிச்சுக்குக் கீழே கால் கறுத்து, கொப்புளம் உடைந்து, தோல் வழன்றிருந்தது. ஆஸ்பத்திரியில் காலை எடுத்தார்கள். அவள் பிழைக்கவில்லை.

வார்டில் பினாயில் வாடை. மின்விசிறி சுற்றச் சுற்ற, அந்த வாடைக்கு அடியிலிருந்து ஈர மண்ணும் புதிதாய் ஒடித்த கிழங்கின் பாலும் கலந்த வாசனை மெல்லக் கிளம்பி, கட்டிலைச் சுற்றி வந்து, அவர் கால்மாட்டில் நின்றது.

சர்ர்.

"யாரு துணி கிழிக்கிறது?"

"யாருங்க கிழிக்கிறா? மருந்து ஏறிக்கினு இருக்குது. பேசாம படுங்க."

போர்வையை விலக்கினார். பள்ளத்துக்குக் கீழே கால் கறுத்திருந்தது. கொப்புளங்களில் கருஞ்சிவப்பு நீர். பள்ளத்தின் உள்ளே, சதையில் அச்சாக, கோபுரங்கள்.

சர்ர்.

பேனாக் கோட்டுக்கு மேலே, தொடையில் இன்னொரு பள்ளம். அவர் பார்க்கப் பார்க்க அது ஆழமானது.

"கட்ட அவுத்து வுடு, விஜயா."

"எந்தக் கட்டுங்க?"

அவள் ஜெஸியைக் கூப்பிட ஓடினாள்.

சர்ர். இந்த முறை தலைமாட்டில். நீளமாக.

கிழங்குப் பால் வாசனை காதோரம் குனிந்தது.

"லோடு ஏறட்டும், மொதலாளி."

மூச்சு நின்று வந்தது. கழுத்தைத் தடவினார். துணி இல்லை. தோல்தான். தோலில் ஒரு கோபுரம். பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று.

விரல் பிடரிக்குப் போனது.

தோலுக்கு அடியில் முடிச்சு.

அது இறுகியது.